எங்கே சாப்பிடலாம் என்று கேட்ட பிள்ளைக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலம் காபி குடிக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

போன வாரம், என்னிடம் நாலாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருவன் சென்னையிலிருந்து போன் செய்தான். இப்போது அவனுடைய மகளே நாலாம் வகுப்பு. "டீச்சர், லீவுக்குக் குடும்பத்தோட கார்ல மதுரை, திருநெல்வேலி, கன்னியாகுமரின்னு போறோம். அந்தந்த ஊர்ச் சாப்பாட்டைப் பிள்ளைக்குக் காட்டணும். நீங்களும் சாரும் ரிட்டயர் ஆனதிலேர்ந்து ஊர் ஊரா சுத்துறீங்களே, எந்தெந்த ஹோட்டல்னு ஒரு லிஸ்ட் குடுங்க டீச்சர்" என்றான்.

பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தேன். நாலு பெயர் எழுதியதும் நிறுத்திவிட்டேன். ஹோட்டல் பெயர் கேட்பதே தப்பு என்று தோன்றியது. அவனுக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். கடைசியில் அவன் கேட்ட இன்னொரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதையும் சொல்கிறேன்.

முதல் விஷயம். ஹோட்டல் பெயரைக் கேட்காதே. பண்டத்தின் பெயரையும் அது கிடைக்கும் நேரத்தையும் கேள்.

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடைக்கு மத்தியானம் போனால் சாத்திய கதவைத்தான் பார்க்கலாம். அது சாயங்காலக் கடை. அல்வா தீர்ந்தால் கடையும் தீர்ந்தது. விருதுநகரில் எண்ணெயில் பொரித்த பரோட்டா சாப்பிட ஆசைப்பட்டுக் காலையில் இறங்கினால் இட்லிதான் கிடைக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தக் கல் சூடாகும். மதுரையில் பருத்திப்பால் தள்ளுவண்டியில் வரும். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் எடுத்து, வெல்லமும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவது. ஏசி ஹாலில் உட்கார்ந்து மெனு கார்டில் தேடினால் கிடைக்காது.

அதனால் பயணத் திட்டம் போடும்போதே, எந்த வேளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று கணக்குப் போட வேண்டும். கோயில் நடை திறக்கும் நேரம் பார்த்துத்தானே கிளம்புகிறோம். சாப்பாட்டுக்கும் நடை திறக்கும் நேரம் உண்டு.

இரண்டாவது, பைபாஸில் சாப்பிடாதே, ஊருக்குள் போ.

நாலு வழிச்சாலை வந்த பிறகு நாம் ஊர்களைப் பார்ப்பதே இல்லை, பெயர்ப் பலகையைத்தான் பார்க்கிறோம். இன்றைக்கு எந்த நெடுஞ்சாலையில் போனாலும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை, பித்தளை டபரா செட். அந்தப் பலகைகளில் எத்தனை கும்பகோணத்தைப் பார்த்திருக்கும்? கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் இட்லிக்குக் கடப்பா என்று ஒன்று ஊற்றுவார்கள். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய், சோம்பு சேர்த்து வெள்ளையாக, சாம்பாரும் இல்லாமல் குருமாவும் இல்லாமல் நடுவில் நிற்கும். அதை ஏன் எந்த பைபாஸ் பலகையும் எழுதவில்லை? காபியின் பெயரை எழுதினால் கார் நிற்கும். கடப்பா என்று எழுதினால் ஆந்திராவில் இருக்கும் ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள்!

ஒருமுறை நாங்கள் போன பஸ்ஸை வழியில் ஒரு மோட்டலில் நிறுத்தினார்கள். காய்ந்த தோசை, தண்ணீர் சாம்பார், விலை இரண்டு மடங்கு. அங்கிருந்து பத்து நிமிஷ தூரத்தில் ஒரு நல்ல ஊர் இருந்தது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை. காரில் போகும் உங்களுக்கு அந்தத் தலையெழுத்து எதற்கு?

மூன்றாவது, கேட்கும் விதம். "இங்கே நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் உன் சட்டையைப் பார்த்து, உனக்குத் தகுந்த மாதிரி ஏசி ஹோட்டலைக் காட்டுவார்கள். அது மரியாதை, தப்பில்லை. "நீங்க எங்கண்ணே சாப்பிடுவீங்க?" என்று கேட்டுப் பார். ஆட்டோக்காரர், பூக்கடை அம்மா, மூட்டை தூக்குகிறவர், யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு வேறொரு பெயர் சொல்வார்கள். அங்கே போ. பிள்ளைக்கு வயிறு கெட்டுவிடுமோ என்று உன் மனைவி பயப்படுவாள், நியாயம்தான். கூட்டம் இருக்கும் கடையில், அடுப்பிலிருந்து சுடச்சுட இறக்கியதை வாங்கிக் கொடு, தண்ணீர் மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோ. நாங்கள் இப்படித்தான் சுற்றுகிறோம், ஒன்றும் ஆகவில்லை.

நான்காவது, எல்லாச் சாப்பாடும் கடையில் இருக்காது. திருநெல்வேலிச் சொதியை எடுத்துக்கொள். பாசிப்பருப்பும் காய்களும் போட்டு, தேங்காய்ப் பாலை முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாக எடுத்துச் செய்வது. தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து அது. கொங்குப் பக்கத்து அரிசிம்பருப்புச் சோறும் அப்படி வீட்டுச் சாப்பாடுதான். ஆகவே அந்த ஊரில் நண்பர் யாராவது இருந்தால் கூச்சப்படாமல் கேள்: "ஒரு வேளை உங்க வீட்ல சாப்பிடலாமா?" விருந்தாளி கேட்டு வாங்கிச் சாப்பிடுவதை நம் ஊரில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. எங்களுக்குச் சொதி அப்படித்தான் கிடைத்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. புவிசார் குறியீடு என்று பேப்பரில் படிக்கிறோம். பழனி பஞ்சாமிர்தத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கும் 2019-ல் கிடைத்தது, கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-ல், மணப்பாறை முறுக்குக்கு 2023-ல். சந்தோஷம். ஆனால் கவனித்தீர்களா, எல்லாம் பொட்டலம் கட்டி எடுத்துப்போகக் கூடிய பண்டங்கள். சிதம்பரத்துக் கத்திரிக்காய் கொத்சுவைப் பொட்டலம் கட்ட முடியுமா? பருத்திப்பாலைக் கூரியரில் அனுப்ப முடியுமா? இலையிலும் டம்ளரிலும் சூடாக இருப்பதை யாராவது அந்த ஊருக்குப் போய், உட்கார்ந்து, சாப்பிட்டால்தான் அது பிழைக்கும். கேட்க ஆளில்லாத பண்டத்தை எந்தக் கடைக்காரரும் அடுப்பில் ஏற்ற மாட்டார். அதனால் நீ ஊர்ச் சாப்பாட்டைத் தேடிச் சாப்பிடுவது நாக்குக்காக மட்டும் இல்லை தம்பி.

இவ்வளவும் சொன்னேன். பெருமையாகத்தான் இருந்தது, மறுபடியும் வகுப்பெடுத்த மாதிரி.

அப்போதுதான் அவன் கேட்டான்: "சரி டீச்சர், இன்னொண்ணு. எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடுத்த மாசம் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்ட வர்றார். விருத்தாசலத்துல நம்ம ஊர்ச் சாப்பாடு எங்க கிடைக்கும்னு சொல்லட்டும்?"

எனக்கு வாய் வரவில்லை. "நம்ம ஊர்ல என்னப்பா இருக்கு... ஜங்ஷன் பக்கம் நல்ல ஹோட்டலா பாத்து போகச் சொல்லு" என்றேன்.

போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் அது உறுத்தியது. ஊருக்கெல்லாம் உபதேசம், நம் ஊருக்கு ஏசி ஹோட்டலா?

நம் ஊரில் என்ன இல்லை? மார்க்கெட் கமிட்டிக்குப் போய்ப் பாருங்கள், மல்லாட்டை மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிறது. மற்ற ஊர்க்காரர்கள் நிலக்கடலை என்பார்கள். நமக்கு அது மல்லாட்டை, மணிலாக்கொட்டை. தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பிலிப்பைன்ஸின் மணிலா வழியாக வந்த கொட்டை என்பதால் அந்தப் பெயர். ஊருக்கு வெளியே இருக்கும் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய மல்லாட்டை ரகங்களும் முந்திரி ரகங்களும் 'விஆர்ஐ' என்று நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு போகின்றன. முந்திரியும் பிரேசிலில் பிறந்து போர்ச்சுக்கீசியர் கையோடு இந்தியாவுக்கு வந்ததுதான். எங்கிருந்து வந்தால் என்ன, நம் செம்மண்ணில் வேர் விட்டு நம் அம்மாக்கள் கைப்பட்ட பிறகு அது நம் சாப்பாடு.

கோவில்பட்டிக்காரர்கள் அந்தக் கடலையை மிட்டாயாக்கி ஊர்ப் பெயரை ஒட்டினார்கள். தூத்துக்குடிக்காரர்கள் முந்திரியோடு முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்த்து மக்ரூனாக்கி ஊர்ப் பெயரை ஒட்டினார்கள். நாம் விளைவிக்கிறோம், மூட்டை கட்டி அனுப்புகிறோம். நம் செராமிக் கதையும் இதுதானே. நம் ஊர்ப் பீங்கான் பியூஸ் கட்டை எத்தனை வீட்டுச் சுவரில் இருந்தது! அது விருத்தாசலத்தில் செய்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

என் அம்மா செய்தவற்றை நினைத்துப் பார்க்கிறேன். பங்குனி, சித்திரையில் பச்சை முந்திரிக்கொட்டையை உடைத்து, கையில் பால் பட்டுத் தோல் உரிய உரியப் பருப்பை எடுத்து வைக்கும் குழம்பு. பலாக்கொட்டையும் கத்திரிக்காயும் போட்ட கருவாட்டுக் குழம்பு. வரகுச் சோறு, மல்லாட்டைத் துவையல். புளிக்கவைத்த கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். இதெல்லாம் சாப்பாடு இல்லையா? பிறகு ஏன் "என்ன இருக்கு" என்றேன்?

காரணம் எனக்குத் தெரியும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்திருப்பீர்கள்.

1985 வாக்கில், நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெண் பிள்ளை, விடியற்காலையிலேயே அம்மா கூலி வேலைக்குப் போய்விடுவாள். அப்போது இப்போது போலக் காலை உணவுத் திட்டம் கிடையாது, மத்தியானச் சத்துணவு மட்டும்தான். அந்தப் பிள்ளை சின்னத் தூக்கில் கூழ் கொண்டுவந்து இன்டர்வெல்லில் குடிக்கும். ஒரு நாள் புளித்த வாடை வந்தது. "என்னடி இது, பள்ளிக்கூடத்துக்குக் கூழெல்லாம் கொண்டுவரலாமா? நாளையிலேர்ந்து இட்லி, சோறுன்னு நல்லதா கொண்டுவா" என்றேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதட்டவில்லை, அடிக்கவில்லை. நல்லது சொல்வதாகத்தான் நினைத்தேன். ஆனால் மறுநாளிலிருந்து தூக்கு வரவில்லை. இட்லியும் வரவில்லை. அந்தப் பிள்ளை இன்டர்வெல்லில் வெறும் தண்ணீர் குடித்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் ஒரு பெரிய ஹோட்டலில் 'பாரம்பரிய உணவு' என்று போட்டிருந்தார்கள். மண் கலயத்தில் கம்பங்கூழ், சுற்றிலும் நாலு கிண்ணத்தில் தொடுகறி, விலை 120 ரூபாய். ஆர்வமாக வாங்கினேன். முதல் வாய் குடித்ததும் அந்தத் தூக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதே புளிப்பு. அன்றைக்கு நான் 'நல்லதாக் கொண்டுவா' என்று சொன்ன அதே பொருளை, இன்றைக்குக் காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறேன். மீதியைச் சார்தான் குடித்து முடித்தார்.

ஓர் ஊர் தன் சாப்பாட்டை இழப்பது கடை மூடுவதால் மட்டும் இல்லை. என்னைப் போன்றவர்கள் அது கேவலம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததாலும்தான். நம் பக்கம் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு நாங்கள் பாடத்தோடு சேர்த்து அதையும் கற்றுக்கொடுத்தோம்.

கன்னியாகுமரி மாவட்டத்தைப் பாருங்கள். அங்கே மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் ஊரின் பெருமை. அந்தக் கிழங்கும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். 1880-களில் திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள், பஞ்ச காலத்தில் ஏழைகள் வயிற்றை நிரப்பும் என்று அதைப் பயிரிட ஊக்குவித்தார். பஞ்சத்துக்கு வந்த கிழங்கை அவர்கள் வெட்கப்பட்டு ஒளிக்கவில்லை. வருகிறவர்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள்.

நம் பிள்ளைகளில் ஒருவன் வேலை விஷயமாகப் பெரு நாட்டுக்குப் போய்வந்தான். அந்த நாட்டுத் தலைநகர் லிமாவில் இருக்கும் 'சென்ட்ரல்' என்ற உணவகம் 2023-ல் உலகத்திலேயே முதல் இடம் என்று ஒரு பட்டியலில் வந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. தெற்கே இருக்கும் அரேக்கிப்பா என்ற ஊரைப் பற்றித்தான் அரை மணி நேரம் பேசினான். அங்கே 'பிக்காந்தேரியா' என்று பழைய சாப்பாட்டுக் கடைகள், பெரும்பாலும் பெண்கள் நடத்துவது. நம் அம்மி மாதிரி பெரிய கல்லில் மிளகாய் அரைக்கிறார்கள். முளைகட்டிய கருப்புச் சோளத்தைப் புளிக்கவைத்து ஒரு பானம், நம் கூழுக்குத் தூரத்துச் சொந்தம். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு சூப்பு. திங்களுக்கு உள்ளது செவ்வாய்க்குக் கிடையாது. 2014-ல் அந்த நாட்டு அரசே இந்தக் கடைகளைத் தேசியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவித்தது. ஏழை வீட்டு அடுப்படிதான் அங்கே சொத்து.

அதனால் நம் ஊரில் மெஸ், ஹோட்டல், டீக்கடை நடத்தும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். முழு மெனுவையும் மாற்றச் சொல்லவில்லை. கிழமைக்கு ஒன்று, ஒரே ஒரு பாத்திரம். புதன்கிழமை பலாக்கொட்டைக் கருவாட்டுக் குழம்பு. சனிக்கிழமை வரகுச் சோறும் மல்லாட்டைத் துவையலும். சீசனில் பச்சை முந்திரிக் குழம்பு. வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதி வையுங்கள். "விக்காது டீச்சர்" என்பீர்கள். பத்துப் பேர் சாப்பாட்டுக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். முதல் மாதம் அந்தப் பத்துப் பேரில் நானும் சாரும் இரண்டு பேர், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளே, மாசி மகத்துக்கும் பொங்கலுக்கும் வரும்போது கடையில் கேளுங்கள். இல்லை என்றால் "ஏன் இல்லை?" என்றும் கேளுங்கள். வீட்டில் அம்மா செய்தால், உங்கள் பிள்ளைகள் முகம் சுளிக்கும்போது "பீட்சா வாங்கித் தர்றேன்" என்று சொல்லாதீர்கள். நான் செய்த தப்பை நீங்களும் செய்யாதீர்கள்.

அந்தச் சென்னைப் பிள்ளைக்கு மறுநாள் நானே போன் செய்தேன். "உன் ஆபீஸ்காரரைப் பஸ் ஸ்டாண்டு பக்கம் போகச் சொல்லு. வெயில் காலத்துல தள்ளுவண்டியில கூழ் ஊத்துவாங்க. மூட்டை தூக்குறவங்க நிக்கிற வண்டியாப் பாத்து நிக்கச் சொல்லு. மோர் மிளகாய் கேட்டு வாங்கச் சொல்லு" என்றேன். நானே சொன்ன விதிதானே, 'நீங்க எங்க சாப்பிடுவீங்க' என்று கேள் என்பது. எத்தனையோ வருஷமாக அந்த வண்டிகளைத் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். கண்ணில் படவில்லை.

போனை வைத்துவிட்டு நானே போய் நின்றேன். ஒரு செம்பு குடித்தேன். வாடை அடிக்கவில்லை, பசிக்கு நன்றாக இருந்தது.

அந்தத் தூக்குக்காரப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது. ஐம்பதை நெருங்கியிருப்பாள். இந்தப் பதிவு அவள் கண்ணில் பட்டால்: கண்ணு, அன்றைக்கு நீ கொண்டுவந்ததுதான் நல்லது. டீச்சர்தான் தப்பாகச் சொல்லிவிட்டேன்.

உங்கள் வீட்டில் பாட்டி, அம்மா வைத்த நம் பக்கத்துச் சாப்பாடு எது என்று கீழே எழுதுங்கள். பெயர் மட்டும் போதாது, செய்முறையும் வேண்டும். எழுத்துப்பிழை இருந்தால் திருத்த மாட்டேன், பயப்படாமல் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
விருத்தாசலம்